திருவான்மியூர் அடுக்குமாடியில் 5 ஃபிளாட் தினவாடகைக்குப் போய்விட்டது: அசோசியேஷன் எதுவரை கட்டுப்படுத்தலாம், வாடகை ஏறுமா?

கடற்கரைக்காற்று (கேள்வி)

வணக்கம். திருவான்மியூரில் 42 ஃபிளாட் உள்ள கட்டடம். சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான அசோசியேஷன் இருக்கிறது. பைலா (சங்க விதிமுறை) பழையது. அதில் “குடியிருப்புக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்” என்று ஒரு வரி உண்டு, தினவாடகை பற்றி எதுவும் இல்லை.

இப்போது 5 ஃபிளாட் இணையத்தளங்கள் மூலம் தினவாடகைக்குப் போகிறது. மூன்றை உரிமையாளர்களே விடுகிறார்கள். மற்ற இரண்டையும் ஒருவர் மாத வாடகைக்கு எடுத்து, ஃபர்னிச்சர் போட்டு, நாள் கணக்கில் விடுகிறார். ராத்திரி ஒரு மணிக்குப் பெட்டியோடு வந்து வாட்ச்மேனிடம் சாவி கேட்கிறார்கள். லாரித் தண்ணீர்ச் செலவு ஏறியதற்கும் இதுதான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். பொதுக்குழு வரப்போகிறது. ஒரு தரப்பு முழுத் தடை கேட்கிறது. இன்னொரு தரப்பு, “என் சொத்து, என் இஷ்டம், இதனால் ஃபிளாட் விலையும் ஏறும்” என்கிறது.

தெரிய வேண்டியவை: இதற்குச் சென்னையில் சட்டம் என்ன? அசோசியேஷனுக்கு எவ்வளவு அதிகாரம்? வாடகையும் விலையும் உண்மையிலேயே மாறுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பைலாபார்வை

நியூயார்க், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் மாதிரி வருடத்துக்கு இத்தனை இரவுதான், பதிவு எண் இல்லாமல் விளம்பரம் போடக்கூடாது என்று சொல்லும் சட்டம் சென்னைக்குக் கிடையாது. ஆனால் சட்டமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நாலைந்து வேறு சட்டங்கள் பக்கவாட்டில் வந்து பிடிக்கும்.

முதலில் மின்சாரம். ஃபிளாட்டின் இணைப்பு வீட்டு உபயோகத்துக்கான I-ஏ டேரிஃபில் (கட்டணப் பிரிவில்) இருக்கும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் அதில்தான் வரும். அந்த இணைப்பில் வணிகம் நடக்கிறது என்று மின்வாரியம் முடிவு செய்தால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு பாயும். பொருந்த வேண்டிய டேரிஃபில் இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போதிலிருந்து அப்படிப் பயன்படுத்தினார்கள் என்று உறுதி செய்ய முடியாவிட்டால், சோதனைக்கு முந்தைய 12 மாதத்துக்குப் போடுவார்கள். தினவாடகை விடுபவர்கள் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டிய ஆபத்து இது. வாய்மொழியாக “பரவாயில்லை” என்று யார் சொன்னாலும் நம்பக்கூடாது. எந்த டேரிஃப் என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது சொத்து வரி. மாநகராட்சி குடியிருப்புக்கு ஒரு அடிப்படை விகிதம், குடியிருப்பு அல்லாததற்கு வேறு விகிதம் வைத்துத்தான் அரையாண்டு வரி போடுகிறது. 2022 சீரமைப்பில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 சதவீத உயர்வு, வணிகக் கட்டடங்களுக்கு 150 சதவீத உயர்வு. பயன்பாடு மாறியது என்று மறுமதிப்பீடு வந்தால் வித்தியாசம் சின்னதாக இருக்காது. கட்டடத்தின் அனுமதி வரைபடத்தில் “குடியிருப்பு” என்று இருப்பதையும் மறக்கக் கூடாது.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் / ஹோம்ஸ்டே பதிவுத் திட்டத்தைச் சிலர் கேடயமாகக் காட்டுவார்கள். அதன் அடிப்படை நிபந்தனையே உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பதுதான். அதிகபட்சம் 6 அறை, 12 படுக்கை. ஆளில்லாமல் பூட்டுப் பெட்டியில் சாவி வைத்து விடும் ஃபிளாட் அதற்குள் வராது.

இனி உங்களுக்கு உடனே கைகொடுக்கக்கூடியது. வாடகைக்கு எடுத்து மறுவாடகைக்கு விடும் அந்த இரண்டு ஃபிளாட்டையும் தனியாகப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, உரிமையாளரோடு எழுத்தில் துணை ஒப்பந்தம் இல்லாமல் வாடகைதாரர் உள்வாடகைக்கு விடக்கூடாது. மீறினால் வெளியேற்றக் கேட்க அதுவே போதுமான காரணம். பல உரிமையாளர்கள் வெளிநாட்டிலோ வேறு ஊரிலோ இருப்பார்கள்; தங்கள் ஃபிளாட்டில் என்ன நடக்கிறது என்பதே தெரியாது. தள விளம்பரத்தின் படங்களை எடுத்து அசோசியேஷன் லெட்டர்ஹெட்டில் கடிதமாக அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் உள்வாடகைக்கு அனுமதி இருக்கிறதா, ஒப்பந்தம் பதிவானதா என்று கேளுங்கள். சட்டப் பேச்சு எதுவும் தொடங்காமல் பாதிப் பிரச்சினை அங்கேயே அடங்கிவிடும்.

ஆடிட்டர்_மயிலை

வரிப் பக்கம். இதில்தான் தவறான தகவல் அதிகம் சுற்றுகிறது.

ஜிஎஸ்டி: ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம், உள்ளீட்டு வரி (வாங்கியவற்றுக்குக் கட்டிய வரி) கழித்துக்கொள்ள முடியாது. அதற்கு மேல் 18 சதவீதம். விடுபவருடைய மொத்த விற்றுமுதல் வருடத்துக்கு 20 லட்சத்துக்குள் இருந்து, அவர் பதிவு செய்ய வேண்டியவராக இல்லாவிட்டால், ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவின்படி புக்கிங் எடுக்கும் இணையத்தளமே அந்த வரியைக் கட்டும். 20 லட்சம் தாண்டினால் அவரே பதிவெடுத்துக் கட்ட வேண்டும்.

20 லட்சம் என்பது ஃபிளாட்டுக்கு அல்ல, பான் எண்ணுக்கு. 3,000 ரூபாய் வீதம் மாதம் 20 இரவு போனால் ஒரு ஃபிளாட் வருடத்துக்கு 7.2 லட்சம். மூன்று ஃபிளாட் வைத்திருப்பவர் 21.6 லட்சம், வரம்பு தாண்டியாயிற்று. அதே பான் எண்ணில் வரும் விலக்குப் பெற்ற வீட்டு வாடகையும் மொத்த விற்றுமுதலில் சேரும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஃபிளாட் தினவாடகைக்கு, நாலு ஃபிளாட் மாத வாடகைக்கு என்று வைத்திருப்பவர், “என் தினவாடகை 15 லட்சம்தானே” என்று இருந்துவிட்டு நோட்டீஸ் வாங்குவார்.

ஒரு நல்ல வழியும் இருக்கிறது. 2024 ஜூலை 15 முதல், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ச்சியாகக் குறைந்தது 90 நாள் தங்கவைத்தால் ஜிஎஸ்டி விலக்கு. டைடல் பார்க், தரமணிப் பக்கம் புராஜெக்டுக்கு வந்து மூன்று நாலு மாதம் இருப்பவர்களுக்கு இது பொருந்தும். அசோசியேஷனுக்கும் தலைவலி கம்மி.

வருமான வரி: தளம் பிடிக்கும் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) 2024 அக்டோபர் முதல் 0.1 சதவீதம்தான். பெரிய விஷயம் வேறு. 2024 நிதிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமையாளர் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு விடும் வருமானத்தை வியாபார வருமானமாகக் காட்ட முடியாது; வீட்டுச் சொத்து வருமானம்தான். அப்படியானால் கழிவு எது? சொத்து வரி, 30 சதவீத நிலையான கழிவு, கடன் வட்டி. கமிஷன், சலவை, சோபா தேய்மானம் எதையும் தனியாகக் கழிக்க முடியாது. தினமும் சுத்தம் செய்து, சேவைகளோடு விடுவது வெறும் வாடகையே அல்ல, விடுதிச் சேவை என்ற வாதம் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை எடுத்தால் மின்வாரியத்திடமும் மாநகராட்சியிடமும் “இது வெறும் குடியிருப்பு” என்று சொல்ல முடியாமல் போகும். ஒரு துறையில் ஒன்று, இன்னொரு துறையில் வேறு என்று எழுதிக்கொடுத்தால் பிறகு மாட்டும். வாடகைக்கு எடுத்து விடுபவர் உரிமையாளர் அல்ல என்பதால் அவருக்கு அது வியாபார வருமானம்தான்.

காலை டிபன் கொடுத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு வேண்டும். அதற்கான கட்டணம் மிகக் குறைவு. இதைக்கூட எடுக்காமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

சாவிக்கொத்து

தினவாடகை விடும் பக்கத்தின் கணக்கையும் பொதுக்குழு பார்க்க வேண்டும். “மூன்று மடங்கு வருமானம்” என்று விற்கப்படும் கதை பெரும்பாலும் செலவைக் கழிக்காத கதை.

திருவான்மியூரில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், மாத வாடகை 28,000 என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ளதெல்லாம் என் அனுமான எண்கள். உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

ஏசி, கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் சேர்த்து 3.6 லட்சம், ஆயுள் நாலு வருடம்: மாதம் 7,500. வைஃபை 1,200. சாவி கொடுக்க, கூப்பிட்டால் ஓடிவர ஒரு ஆள் 5,000. ரிப்பேர் 1,500. மாத வாடகையில் குடியிருப்பவரே கட்டும் மெயின்டனன்ஸ் 4,000 இப்போது விடுபவர் தலையில். ஆக, ஒருவர்கூட வராவிட்டாலும் 19,200 போகும்.

இனி ஒரு இரவுக் கணக்கு. கட்டணம் 3,000. கமிஷன் 15 சதவீதம் போனால் 2,550. ஏசி ஓடுவதால் கரண்ட் 200. ஒவ்வொரு தங்கலுக்கும் சுத்தம் 500, சலவை 300, சோப்பு, தண்ணீர் கேன் வகையறா 200, மொத்தம் 1,000. சராசரி இரண்டரை இரவு தங்கினால் இரவுக்கு 400. கையில் நிற்பது 1,950.

28,000 வாடகைக்கு ஈடாக வர 47,200-ஐ 1,950-ஆல் வகுங்கள். மாதம் 24 இரவுக்கு மேல் நிரம்ப வேண்டும். மார்கழி சீசனில் நிரம்பும். மே மாதத்திலும் ஐப்பசி அடைமழையிலும் நிரம்புமா?

இப்போது ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றுகிறேன். சராசரி தங்கல் இரண்டரை இரவுக்குப் பதில் ஏழு இரவு. சுத்தம், சலவைச் செலவு இரவுக்கு 143 ஆகிறது. கையில் நிற்பது சுமார் 2,200. தேவை 21 இரவு சொச்சம். அடையாறு, பெருங்குடி ஆஸ்பத்திரிகளுக்கு சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள், விசா வேலையாக வருகிறவர்கள், கல்யாணத்துக்காக அமெரிக்காவிலிருந்து வரும் உறவுகள் எல்லாம் இப்படித்தான் வாரக்கணக்கில் தங்குவார்கள். சனி ஞாயிறு பார்ட்டிக்கு ஒரு இரவு கேட்பவர்தான் மெத்தையைக் கறையாக்குவதும், அண்டை வீட்டாரிடம் புகார் வாங்கித் தருவதும். அவரிடம் வரும் பணமும் கம்மி. குறைந்தபட்ச இரவு எண்ணிக்கை வைத்தால் விடுபவருக்கு நஷ்டம் என்பது பொதுவான எண்ணம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

இன்னொன்று, தண்ணீர். மூன்று பேர் குடும்பம் மாதம் முழுக்க இருந்தால் 90 ஆள்-நாள். மூன்று விருந்தினர் 20 இரவு என்றால் 60 ஆள்-நாள். படுக்கை விரிப்புத் துவைப்பதை மெஷினில் சேர்த்தாலும், தினவாடகை ஃபிளாட்தான் சம்பைக் காலி செய்கிறது என்று மீட்டர் இல்லாமல் சொல்ல முடியாது. ஃபிளாட்டுக்கு ஒரு தண்ணீர் மீட்டர் போடுங்கள், பேச்சு முடிந்தது. உங்கள் கட்டடத்தின் உண்மையான சுமை கேட்டில் இருக்கிறது. 20 இரவு, இரண்டரை இரவுத் தங்கல் என்றால் ஃபிளாட்டுக்கு மாதம் 8 வருகை. ஐந்து ஃபிளாட்டுக்கு 40. ஒவ்வொன்றுக்கும் வாட்ச்மேன் எழுந்து, கேட் திறந்து, எந்த ஃபிளாட் என்று விசாரித்து, லிஃப்ட் காட்ட வேண்டும். அதற்கு அவருக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

தெற்குமாடவீதி

எல்லாம் சரி. ஆனால் குடும்பங்கள் இருக்கும் இடத்தில் முன்பின் தெரியாத 40 கூட்டம் மாதம் வந்து போவதை எந்தக் கணக்கும் சரிசெய்யாது. வயதானவர்கள் தனியாக இருக்கும் ஃபிளாட்கள் இருக்கின்றன. எந்த முகம் பக்கத்து வீட்டு முகம் என்று தெரிவதுதான் அடுக்குமாடியின் பாதுகாப்பே. நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து 30 நாளுக்குக் குறைவாக விட்டால் வீட்டுக்காரர் கூடவே இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் கூடாது. பார்சிலோனா 2028க்குள் பத்தாயிரத்துச் சொச்சம் சுற்றுலா ஃபிளாட் உரிமங்களையும் புதுப்பிக்காமல் விடப்போவதாக 2024இல் அறிவித்தது. பெரிய நகரங்களே அந்த முடிவுக்கு வந்த பிறகு நாம் ஏன் தயங்க வேண்டும்? பைலாவில் தடை போடுங்கள்.

பைலாபார்வை

மாடவீதி சார் சொல்லும் கவலை நியாயமானது, அதை யாரும் சின்னதாக நினைக்கக் கூடாது. ஆனால் அங்கே தடை போட்டது நகர அரசு. இங்கே போடப்போவது 42 பேர் கொண்ட சங்கம். நீதிமன்றத்தில் இரண்டும் ஒரே எடை அல்ல. சொத்தைப் பயன்படுத்தும் உரிமையைச் சங்கம் முழுசாகப் பறிக்கிறது என்ற வாதத்தோடு ஒரு உரிமையாளர் போனால், வருடக்கணக்கில் வக்கீல் செலவு மெயின்டனன்ஸ் கணக்கிலிருந்துதான் போகும். நியாயமான நிபந்தனை, எல்லாருக்கும் ஒரே மாதிரி, காரணத்தோடு, முறைப்படி நிறைவேற்றியது என்றால் நிற்பதற்கு வாய்ப்பு அதிகம்.

ஒன்று கவனிக்க: கோவையில் 2019இல் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டை அதிகாரிகள் பூட்டி சீல் வைத்தார்கள். திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் இருந்தார்கள் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அப்படித் தங்குவது எந்தச் சட்டப்படியும் குற்றமல்ல என்று சொல்லி, வைத்த சீல்களை அகற்ற அதே வருடம் டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே “பேச்சிலர் கூடாது, ஜோடி கூடாது” என்று விதி எழுதாதீர்கள். அது நிற்காது, நிற்கவும் கூடாது. சத்தம், ஆள் எண்ணிக்கை, நேரம், பொறுப்பு என்று நடத்தையின் மேல் விதி எழுதுங்கள்.

அதேபோல், விதியை மீறினார் என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தாதீர்கள். லிஃப்டுக்கு ஆக்சஸ் கார்டை முடக்குவதும் அதே வகைதான். அந்த நாள் வரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அன்றோடு அவர் பக்கம் போய்விடும்.

என் யோசனை: தடைக்குப் பதில் பதிவு. தினவாடகை விடும் உரிமையாளர் அசோசியேஷனிடம் வருடத்துக்கு ஒருமுறை பதிய வேண்டும். பதியும்போது தர வேண்டியவை: தள விளம்பரத்தின் முகவரி, மின் டேரிஃப் பற்றிய கடிதம், அரை மணி நேரத்தில் நேரில் வரக்கூடிய ஒருவரின் எண், ஒரு முன்பணம். குறைந்தபட்சத் தங்கல் ஐந்து இரவோ ஏழு இரவோ. சாவிக்கொத்து காட்டிய கணக்குப்படி ஏழு இரவு வைத்தால் 20 இரவுக்கு மாதம் மூன்று வருகைதான். ஐந்து ஃபிளாட்டுக்கு 40 என்பது 15க்குள் இறங்கும். முகம் தெரியாதவர் பயமும் அந்த அளவுக்குக் குறையும். இரவு 10க்கு மேல் செக்-இன் என்றால் விடுபவரின் ஆள் நேரில் இருக்க வேண்டும். வாட்ச்மேன் கையில் சாவி கூடாது. ஒரு பெட்ரூமுக்கு இரண்டு பேர், கூட ஒரு குழந்தை.

கட்டணம் இரவுக்கு அல்ல, வருகைக்கு வையுங்கள். வாட்ச்மேன் கூடுதல் நேரம், லிஃப்ட், குப்பை என்று செலவைக் காட்டி வந்த தொகையாக இருக்க வேண்டும். மகாராஷ்டிராவில் கூட்டுறவு சொசைட்டிகள் வாடகைக்கு விடுபவரிடம் வசூலிக்கும் தொகைக்கு, சர்வீஸ் கட்டணத்தில் 10 சதவீதம் என்று 2001இல் அரசு உச்சவரம்பு வைத்தது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தண்டனை மாதிரியான கட்டணத்தை அரசோ நீதிமன்றமோ எப்படிப் பார்க்கும் என்பதற்கு ஒரு அடையாளம்.

ஆடிட்டர்_மயிலை

ஒரு இடைச்செருகல். அந்தக் கட்டணத்தால் ஒரு ஃபிளாட்டின் மாத மெயின்டனன்ஸ் 7,500 தாண்டி, அசோசியேஷன் வருட வசூலும் 20 லட்சம் தாண்டினால் மெயின்டனன்ஸுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வரும். 7,500க்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும்தான் வரி என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தீர்ப்பு உண்டு. துறை முழுத் தொகைக்கும் கேட்டது. 42 ஃபிளாட், 4,000 வீதம் என்றால் உங்கள் வசூல் ஏற்கெனவே வருடத்துக்கு 20.16 லட்சம். ஆகவே எந்த ஃபிளாட்டும் 7,500 தாண்டாதபடி கட்டணத்தை வையுங்கள்.

எண்ணும்ஊரும்

வாடகை, விலைக் கேள்விக்கு வருகிறேன். இதில் நல்ல ஆய்வுகள் உண்டு. சென்னைக்கு அப்படியே ஒட்ட முடியாது, ஆனால் எந்தச் சூழலில் எது நடக்கும் என்று காட்டும்.

அமெரிக்க நகரங்களை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வில் ஏர்பிஎன்பி என்ற தினவாடகைத் தளத்தின் பட்டியலில் உள்ள வீடுகள் 1 சதவீதம் கூடினால் வாடகை 0.018 சதவீதமும் வீட்டு விலை 0.026 சதவீதமும் ஏறியது. பார்க்கச் சின்ன எண். ஆனால் பட்டியல் வருடத்துக்கு ஒன்று இரண்டு சதவீதம் வளரவில்லை, பல மடங்காக வளர்ந்தது. முக்கியமான விஷயம்: உரிமையாளரே குடியிருக்கும் வீடுகள் அதிகமுள்ள பகுதிகளில் தாக்கம் குறைவு. குடியிருப்பவர் தன் வீட்டைக் காலி செய்து விருந்தினருக்குக் கொடுப்பதில்லை. காலியான ஓர் அறையைத்தான் கொடுப்பார். மாத வாடகைச் சந்தையிலிருந்து வீட்டை உருவுவது வேறொரு இடத்தில் இருக்கும் முதலீட்டாளர்.

பார்சிலோனா ஆய்வில் சராசரிப் பகுதியில் வாடகை 1.9 சதவீதம், விற்பனை விலை 4.6 சதவீதம் ஏறியது. ஆனால் பட்டியல் அடர்த்தியில் முதல் பத்தில் ஒரு பங்கு வட்டாரங்களில் வாடகை 7, விலை 17 சதவீதம். நகர சராசரியைப் பார்த்து “ஒன்றுமில்லை” என்பவரும், ஒரு தெருவைப் பார்த்து “எல்லாம் போச்சு” என்பவரும் ஒரே ஊரைத்தான் பேசுகிறார்கள். கட்டுப்பாடு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார ஆய்வு: விதி கொண்டுவந்த நகராட்சிகளில் பட்டியல் பாதியாகக் குறைந்தது, வீட்டு விலை சுமார் 2 சதவீதம் இறங்கியது. ஹோட்டல்கள் பக்கம், டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் வருமானத் தாக்கம் 8 முதல் 10 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அடி விழுந்தது பெரும்பாலும் மலிவு ஹோட்டல்கள் மேல்.

இனி நம்ம ஊர். சென்னையை ஒரே சந்தையாகப் பார்ப்பது தவறு. பனையூர், உத்தண்டி, முட்டுக்காடு பங்களாக்கள் பெரும்பாலும் யாருடைய இரண்டாவது வீடாகவோ பூட்டிக் கிடந்தவை. அவை வார இறுதி வாடகைக்குப் போனால் குடியிருக்க வீடு தேடுபவருக்கு நஷ்டம் இல்லை; சத்தமும் போக்குவரத்தும்தான் அங்கே பிரச்சினை. பழைய மாமல்லபுரம் சாலையில் புதுக் கட்டடங்கள் வந்துகொண்டே இருப்பதால் சில நூறு ஃபிளாட் தினவாடகைக்குப் போனாலும் சந்தை தாங்கும். மயிலாப்பூரில் மார்கழிக் கச்சேரி சீசனுக்கு மட்டும் தேவை உச்சத்துக்குப் போகும். ஒரு மாதத்துக்காகப் பதினோரு மாத வாடகைதாரரை விடுவது கணக்குக்கு ஒத்துவராது. கிரீம்ஸ் ரோடு சந்துகள் வேறு. வங்காளம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசத்திலிருந்து வருடம் முழுக்க நோயாளிகள் வருகிறார்கள், ஆஸ்பத்திரி நடக்கும் தூரம், புது இடம் கட்ட நிலம் இல்லை. அங்கேதான் மாத வாடகை வீடு நாள் வாடகை அறையாக மாறுவதை ஒவ்வொரு மாடியிலும் பார்க்கலாம். இந்தி, வங்காளி எழுத்தில் “ரூம்” போர்டு, கீழே மீன் குழம்பு மெஸ், பக்கத்தில் மருந்துக் கடை, சலவைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு. வேலைவாய்ப்பு உண்மை. அதே சந்தில் மாதச் சம்பளக் குடும்பம் வாடகைக்கு வீடு தேடி அலைவதும் உண்மை.

திருவான்மியூரில் 42க்கு 5 என்பது வட்டார வாடகையை அசைக்காது. ஆனால் உங்கள் கட்டடத்துக்குள் பாருங்கள்: மாத வாடகைக்குக் கிடைத்திருக்கக்கூடிய 5 ஃபிளாட் போயிற்று. “விலை ஏறும்” என்ற வாதத்தில் பாதிதான் சரி. முதலீட்டாளர் வருமானத்தைப் பார்த்து அதிகம் தருவார். குடியிருக்க வாங்கும் குடும்பம் லிஃப்டில் பெட்டிகளைப் பார்த்துவிட்டுக் குறைத்துக் கேட்கும், இல்லாவிட்டால் வேறு கட்டடத்துக்குப் போகும். திருவான்மியூரில் வாங்குபவர் பெரும்பாலும் யார் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பள்ளி, கோயில், கடற்கரை நடை என்று தேடி வரும் குடும்பங்கள்தான் இங்கே அதிகம் என்பது என் கணிப்பு.

கடற்கரைக்காற்று

எல்லாருக்கும் மிக்க நன்றி. குறைந்தபட்ச இரவு, வருகைக் கட்டணம், தண்ணீர் மீட்டர் மூன்றையும் தீர்மானமாக வைக்கிறேன். இன்னும் ஒரு கேள்வி: வெளிநாட்டுக்காரர் வந்தால் யார் எதைப் பதிய வேண்டும்? வாட்ச்மேன் இப்போது எல்லார் ஆதாரையும் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்.

சாவிக்கொத்து

அந்தப் பழக்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். 42 பேர் போனில் அந்நியரின் ஆதார் படம் கிடப்பது யாருக்கும் பாதுகாப்பு அல்ல. கசிந்தால் முதல் கேள்வி அசோசியேஷனுக்குத்தான். கேட்டில் வேண்டியது பெயர், ஃபிளாட் எண், எத்தனை பேர், வரும் நாள், போகும் நாள், வண்டி எண். ஒரு நோட்டுப் போதும். அடையாளச் சான்றை வாங்கி வைக்கும் பொறுப்பு விடுபவருடையது. அவரும் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை வாங்கினால் போதும்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால், தங்கவைப்பவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலக இணையதளத்தில் விவரம் ஏற்ற வேண்டும். சி படிவம் என்று எல்லாரும் சொல்வது இதுதான். 2025 செப்டம்பரில் புதுக் குடிவரவுச் சட்டம் அமலுக்கு வந்த பிறகும் இந்தக் கடமை இருக்கிறது. முன்கூட்டியே அந்த முகவரிக்கு லாகின் எடுத்திருக்க வேண்டும். விருந்தினர் வந்து நின்ற பிறகு விண்ணப்பித்தால் 24 மணி நேரம் அதிலேயே போய்விடும். பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார் எல்லாம் கேட்கும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்ஆர்ஐக்கு வேண்டாம். சீசனுக்கு வரும் அத்தை மகன் சுத்தமாகத் தமிழ் பேசினாலும், கையில் இருப்பது அமெரிக்க பாஸ்போர்ட் என்றால் வேண்டும். சிகிச்சைக்கு வரும் வங்கதேசக் குடும்பத்தில் நோயாளிக்கு மட்டும் பதிந்துவிட்டு, கூட வந்தவர்களை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு.

பைலாபார்வை

பதிவு விதியில் இந்த லாகின் இருக்கிறதா என்பதையும் ஒரு நிபந்தனையாகச் சேருங்கள். “வெளிநாட்டவரை ஏற்பதில்லை” என்று எழுதிக் கொடுப்பவருக்கு விலக்கு.

நடைமுறையில் ஒரு எச்சரிக்கை. பைலா திருத்தத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது, சிறப்புத் தீர்மானம் வேண்டும். எத்தனை பங்கு ஆதரவு, எத்தனை நாள் நோட்டீஸ் என்று உங்கள் பைலாவில் பார்த்து, திருத்தத்தின் முழு வாசகத்தையும் நோட்டீஸோடு அனுப்புங்கள். “தினவாடகை பற்றி விவாதம்” என்று மட்டும் அஜெண்டாவில் போட்டுவிட்டு கூட்டத்தில் திருத்தம் நிறைவேற்றினால் அதை உடைக்க ஒரு நோட்டீஸ் போதும். அந்த 5 உரிமையாளர்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நிறைவேறியதும் சங்கப் பதிவாளரிடம் தாக்கல் செய்து, பதிவான பிறகுதான் வசூல் தொடங்க வேண்டும். ஏற்கெனவே எடுத்த புக்கிங்குகளுக்கு இரண்டு மாத அவகாசம் கொடுங்கள். அவகாசமே தராமல் திணித்த விதி என்ற வாதத்துக்கு இடமிருக்காது.